வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றலாமா? அலுமினிய ஹெட்டில் மரை கெடாமல் செய்வது எப்படி?

சேலத்துக்காரர் (கேள்வி)

வணக்கம். என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட 998 சிசி பெட்ரோல் கார். ஓடோமீட்டர் 62,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சர்வீஸ் பில்களைப் புரட்டிப் பார்த்ததில் பிளக் மாற்றியதற்கான குறிப்பு எதுவும் இல்லை. சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுற்றிய பிறகே பிடிக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான உதறல் தெரிகிறது. ஏசி போட்டுக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறினால் பிக்கப் தயங்குகிறது. இன்ஜின் விளக்கு எரியவில்லை, ஏர் ஃபில்டரும் அண்மையில் மாற்றியதுதான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) மேலேயே அமர்ந்திருக்கிறது. அவற்றைக் கழற்றினால் பிளக்குகள் நேராகக் கைக்கு எட்டும் என்று தெரிகிறது. ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், 16 மி.மீ. பிளக் சாக்கெட் ஆகியவை என்னிடம் உள்ளன. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் மட்டும் இல்லை.

எனக்குள்ள தயக்கம் மரையைப் பற்றியது. ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) அலுமினியம் என்பதால், பிளக்கைக் கோணலாக ஏற்றினாலோ அளவுக்கு மீறி முறுக்கினாலோ மரை போய்விடும் என்றும், பிறகு ஹெட்டையே இறக்க வேண்டி வரும் என்றும் பலர் எச்சரிக்கிறார்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்கலாமா? மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவ வேண்டுமா? கடைக்காரர் இரிடியம் பிளக் வாங்கச் சொல்கிறார். விலை மூன்று நான்கு மடங்கு வருகிறது, அதற்கேற்ற பலன் உண்டா?

பட்டறை அனுபவஸ்தர்

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தேய்ந்த பிளக்குக்குப் பொருந்துகின்றன. ஒவ்வொரு தீப்பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. இதனால் 1 மி.மீ. அளவில் இருந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் மெல்ல விரிகிறது, விரிந்த இடைவெளியைத் தாண்டிப் பாய காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டியிருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட அந்தத் தேவை இன்னும் ஏறும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி ஏசி போட்டு மலையேறும்போது மட்டும் தயங்குவதற்குக் காரணம் இதுதான். காயிலின் மீது இப்படிச் சுமை ஏறிக்கொண்டே போனால் நாளடைவில் அதுவும் போகும், அதன் விலை பிளக்கைவிடப் பல மடங்கு. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வேலையை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுப்பதற்கு முன் செய்வது உத்தமம். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையக்கூடியது, சூடாக இருக்கும்போது அதன் வலுவும் குறைவு. ஒரு மணி நேரம் ஆறினால் போதும் என்று பொறுமையில்லாமல் கழற்றும்போதுதான் பல இடங்களில் பிளக்கோடு மரையும் உரிந்து வருகிறது.

சாவியை எடுத்துவிட்டுக் காயில் கனெக்டர்களைக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அந்த பிளாஸ்டிக் பூட்டு இன்ஜின் சூட்டில் வறண்டு, தொட்டால் ஒடியும் நிலையில் இருக்கும். ஆகவே திருப்புளியால் நெம்பாமல், கட்டை விரலால் அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுங்கள். காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட் பொருந்தும். அதை எடுத்ததும் காயிலை இடமும் வலமுமாகச் சற்றே திருகி, பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) பிடியைத் தளர்த்தி, பிறகு நேராக மேலே இழுங்கள். எந்தக் காயில் எந்தச் சிலிண்டருடையது என்று டேப் ஒட்டி எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்துச் செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பிளக்கைத் தளர்த்துவதற்கு முன்பே அது அமர்ந்திருக்கும் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். குழியின் அடியில் செம்மண்ணும் காய்ந்த இலைத் துணுக்கும் சேர்ந்திருக்கும். பிளக் வெளியே வந்ததும் அவை நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். கம்ப்ரஸர் இல்லையென்றால் சைக்கிள் பம்ப்பின் குழாயைக் குழிக்குள் விட்டு ஓங்கி அடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், தூசு முகத்தை நோக்கித்தான் வரும்.

பிளக் முதல் கால் சுற்றுத் தளர்ந்த பிறகும் இறுக்கமாகவே வந்தால், வம்பாகத் திருகாதீர்கள். துருநீக்கி எண்ணெயைச் சில சொட்டு விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, உள்ளே கொஞ்சம் வெளியே கொஞ்சமாக மாற்றி மாற்றித் திருப்புங்கள். மரையில் ஒட்டியிருக்கும் கரி இப்படித்தான் பொடிந்து விலகும்.

இனி நீங்கள் அஞ்சும் இடத்துக்கு வருவோம். புதிய பிளக்கை ஏற்றும்போது ராட்செட் கைப்பிடி உங்கள் கையில் இருக்கவே கூடாது. அதைவிடச் சிறந்த கருவி ஒரு சாண் நீளப் பெட்ரோல் ஓஸ். அதன் ஒரு முனையைப் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் பிளக் ‘டக்’ என்று மிகச் சிறிதளவு கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். இரு மரைகளின் தொடக்கமும் அங்கேதான் சந்திக்கின்றன. அந்த இடத்திலிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். பிளக் நேராகப் போனால் வாஷர் தொடும் வரை விரல் பலத்திலேயே இறங்கிவிடும். கோணலாகப் பிடித்திருந்தால் ஓஸ் வழுக்கிச் சுற்றுமே தவிரப் பிளக் நகராது; மரையைக் கெடுக்கும் அளவுக்கு ரப்பருக்குப் பலம் கிடையாது என்பதே இதிலுள்ள பாதுகாப்பு. தொடக்கத்திலேயே தடங்கல் தெரிந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

வாஷர் தொட்ட பிறகுதான் ராட்செட். 14 மி.மீ. மரையும் புதிய வாஷரும் உள்ள பிளக் என்றால், அங்கிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு, 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வாஷர் நசுங்கும்போது கைக்கு மெத்தென்று இருக்கும், நசுங்கி முடிந்ததும் திடீரென்று கெட்டிப்படும். அங்கே நிறுத்துங்கள். ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கையே திரும்பப் போடுவதானால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதுமானது. வாஷர் இல்லாத கூம்பு வடிவ இருக்கை கொண்ட பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான்.

அதிகம் இறுக்கிவிடுவோமோ என்ற பயத்தில் தளர்வாக விட்டுவிடுபவர்களும் உண்டு, அதுவும் ஆபத்து. பிளக் தன் சூட்டை மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. தளர்ந்த பிளக் சூடேறி முனை உருகும், அதிர்வில் மேலும் தளர்ந்து மரையையும் சிதைக்கும்.

வண்டியை இயக்கிய பிறகும் உதறல் தொடர்ந்தால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (கலவை சரியாகப் பற்றாமல் போவது), பி0302 என்றால் இரண்டாவது. முதல் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனர் காட்டும் பிழை எண்ணும் கூடவே மாறினால் குற்றவாளி காயில். எண் எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உதிரிபாகக் கடைக்காரர்

மேலே சொன்ன முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிளக் தேர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் நடக்கும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பிளக்கின் மீதுள்ள எண்ணை வைத்து வேறு கம்பெனிப் பிளக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். என்ஜிகே, டென்சோ ஆகியவற்றில் எண் கூடக்கூடப் பிளக் ‘குளிர்ச்சி’யானது, அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடும்; பாஷ், சாம்பியன் ஆகியவற்றில் எண் கூடக்கூட ‘சூடானது’. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன் மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியை நெருங்கித் தாண்டினால் தீப்பொறி வருமுன்பே பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் முனையை நிறுத்துவதே அந்த எண்ணின் வேலை.

எடுத்துக்காட்டாக, என்ஜிகேயின் பிகேஆர்6இ-11 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பி’ என்பது 14 மி.மீ. மரை, ‘கே’ என்பது 16 மி.மீ. அறுகோணம், ‘ஆர்’ என்பது உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைக் குறிப்பது, 6 வெப்ப எண், ‘இ’ என்பது 19 மி.மீ. மரை நீளம், 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. இதில் மரை நீளம் மிக முக்கியம். நீளம் கூடினால் முனை பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டின் கீழ் மரைகள் வெறுமையாக இருந்து கரி ஏறி, அடுத்த முறை சரியான பிளக்கைப் போடும்போது மரை கெடும். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் வருவதோடு நிற்காது, இன்றைய வண்டிகளில் கணினியும் சென்சார்களும் குழம்பக்கூடும். ஆகவே கையேட்டில் உள்ள குறியீட்டை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரிடியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நிக்கல் பிளக்கின் நடுமுனை 2.5 மி.மீ. அளவில் தடித்திருக்கும், இரிடியத்தில் அது 0.4 முதல் 0.6 மி.மீ. வரைதான். இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அவ்வளவு மெல்லிய முனையும் தாங்குகிறது. முனை மெலிந்திருப்பதால் தீப்பொறி பாய வேண்டிய வோல்டேஜும் குறைகிறது. பலன் ஆயுளில்தான் தெரியும், மைலேஜில் பெரிய மாற்றம் எதிர்பார்த்து வாங்க வேண்டாம். எல்லா இரிடியமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். நடுமுனையில் மட்டும் இரிடியமும் எதிர்முனையில் வெறும் நிக்கலும் உள்ள வகை, இரு முனைகளிலும் விலையுயர்ந்த உலோகம் பொருத்திய வகையின் அளவுக்கு உழைக்காது. லட்சம் கிலோமீட்டர்ப் பேச்செல்லாம் பின்னதற்கே பொருந்தும். உங்கள் வண்டி நிக்கல் பிளக்கோடு வந்ததென்றால் அதையே போட்டுக் கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கில் மாற்றிக்கொண்டே போகலாம், மூன்று பிளக்தானே. ஆனால் கம்பெனியிலிருந்தே இரிடியம் பொருத்தி வந்த வண்டியில் நிக்கலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது சரியல்ல.

இடைவெளியைச் சரிபார்க்கிறேன் என்று நாணய வடிவ கேஜை இரிடியம் முனைக்குள் தள்ளாதீர்கள், முனை ஒடிந்துவிடும். கம்பி கேஜால் தொடாமல் தொட்டுப் பார்த்தால் போதும். கீழே விழுந்த பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள். பீங்கானுக்குள் ஏற்பட்ட விரிசல் வெளியே தெரியாது. போலிப் பிளக்குகள் ஏராளமாக நடமாடுவதால், சென்னை ஜிபி ரோட்டில் வாங்கினாலும் உங்கள் ஊரில் வாங்கினாலும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குங்கள்.

நாகப்பட்டினத்துக்காரர்

ஆன்டி-சீஸ் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. பெரிய பிளக் கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரைக்கு ஏற்கெனவே உலோகப் பூச்சு உண்டு. அதன் மேல் பேஸ்டைத் தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க் அளவில் பிளக் மேலும் இறுகி, மரையோ பிளக்கின் உடலோ இழுபடும். இருந்தாலும் கடலோரத்தில் இருக்கும் நாங்கள் உப்புக் காற்றில் பிளக் கெட்டிப்பட்டு வர மறுப்பதைப் பார்த்துப் பார்த்து, குண்டூசி முனையளவு பேஸ்டை நடு மரைகளில் மட்டும் தொட்டு வைப்பது வழக்கம். இறுக்கத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வோம்.

காஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஎன்ஜி கலவையில் தீப்பொறி பாயப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவை. ஆகவே பெட்ரோலில் இன்னும் ஓடக்கூடிய பிளக், காஸுக்கு மாற்றியதும் திணறும். பிளக் மாற்றும் கால இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பட்டறை அனுபவஸ்தர்

கடலோர அனுபவத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் முதன்முறை மாற்றுபவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டார்க் ரெஞ்ச் இல்லாமல், பேஸ்டும் தடவி, ‘இறுக்கத்தைக் குறைத்துக்கொள்’ என்றால் எவ்வளவு குறைப்பது என்று அவருடைய கைக்குத் தெரியாது. சேலத்தில் உப்புக் காற்றும் இல்லை. உலர்ந்த, சுத்தமான மரையே போதும். காயிலின் ரப்பர் பூட்டுக்குள் மட்டும் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள், அடுத்த முறை பூட் கிழியாமல் வரும்.

சேலத்துக்காரர்

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் உள்ள குறியீட்டிலேயே நிக்கல் பிளக் வாங்கி மாற்றிவிட்டேன். ஓஸ் முறை சொன்னபடியே வேலை செய்தது. அந்த ‘டக்’ விரலில் தெளிவாகத் தெரிந்தது. காலை ஸ்டார்ட் உடனே பிடிக்கிறது, உதறலும் பெருமளவு அடங்கிவிட்டது.

பழைய பிளக்குகளைப் பார்த்ததில் இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. மூன்றிலும் முனை உலர்ந்து இளம்பழுப்பாகவே இருந்தது. ஆனால் வெளியே, அறுகோணத்துக்குச் சற்று மேலே, வெள்ளைப் பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று இருந்தது, துடைத்தாலும் போகவில்லை. இது கம்ப்ரஷன் கசிவா? அடுத்து, மூன்றாவது சிலிண்டரின் குழியில் அறுகோணம் முழுகும் அளவுக்கு எண்ணெய் நின்றது. பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் துணியைக் கம்பியில் சுற்றி உறிஞ்சி எடுத்துவிட்டேன். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பட்டறை அனுபவஸ்தர்

பழுப்பு வளையத்தை விட்டுவிடுங்கள். அது கரோனா கறை. பிளக்கைச் சுற்றியுள்ள உயர் வோல்டேஜ், காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் பீங்கானில் படியவைப்பதால் உண்டாவது, வேலைக்கு இடையூறு கிடையாது. பல பட்டறைகளில் இதைக் கசிவு என்று சொல்லி நல்ல பிளக்கையே தூக்கி எறிகிறார்கள்.

ரிங்கைப் பற்றிய பேச்சுக்கு உங்கள் பிளக்கே பதில் சொல்லிவிட்டது. ரிங்கோ வால்வு சீலோ போயிருந்தால் எண்ணெய் எரியும் அறைக்குள் வந்து, பிளக்கின் முனை ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்திருக்கும். உங்களுடையது உலர்ந்து பழுப்பாக இருக்கிறது. எண்ணெய் நின்றது பிளக்குக்கு வெளியே, குழிக்குள். அங்கே அது மேலிருந்துதான் வர முடியும். டேப்பெட் கவரில் (இன்ஜினின் மேல்மூடி) பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். துணியால் உறிஞ்சி எடுத்தது நல்ல காரியம். அப்படியே கழற்றியிருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கிளம்பிப் பயமுறுத்தியிருக்கும்.

இதை அவசரமில்லை என்று நீண்ட நாள் விட்டுவைக்க வேண்டாம். எண்ணெயில் ஊறிய ரப்பர் பூட் உப்பி மிருதுவாகிவிடும். தீப்பொறி முனைக்குப் போகாமல் பூட்டின் வழியாகவே ஹெட்டுக்குத் தாவத் தொடங்கும். மூன்றாவது காயிலை எடுத்து, பூட்டைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரப்பரின் உட்புறத்தில் முடியளவு மெல்லிய சாம்பல் நிறக் கோடு நீளவாக்கில் ஓடினால் தீப்பொறி ஏற்கெனவே வழி கண்டுபிடித்துவிட்டது, பூட்டை மாற்றுங்கள். பழைய பிளக்கின் பீங்கானிலும் அதே இடத்தில் கோடு இருக்கும். மீதமிருக்கும் சிறு உதறலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

டேப்பெட் கவர் பேக்கிங்கும் குழி சீல்களும் சேர்ந்த செட்டாகவே கிடைக்கும். பல வண்டிகளில் குழி சீல் தனி ரப்பர் வளையம், சிலவற்றில் கவரோடு சேர்ந்தே வரும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றும்போது கவரின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அவை சிறிய போல்ட்டுகள், 10 நியூட்டன் மீட்டர் அளவிலான இறுக்கமே தாங்கும். பேக்கிங் முழுவதும் சிலிகான் பூசும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. கையேட்டில் காட்டிய மூலைகளில் மட்டும் தொட்டு வைத்தால் போதும், மிஞ்சியது பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அதுவரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.